மணிக்கட்டைத் திருத்திய மூன்று வாரங்கள்

நடந்ததைச் சொல்வதற்கு முன், அப்போது என் தகுதி என்னவாக இருந்தது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த பிழையின் அளவு இளம் பயிற்றுநர்களான உங்களுக்கு விளங்காது. நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். மலைத்தோட்ட நிறுவனம் ஒன்றில் அதிகாரியாக இருந்தபோது கோல்ஃப் கற்றுக்கொண்டு, பயிற்றுநர் தேர்வின் எல்லா நிலைகளையும் முதல் முயற்சியிலேயே கடந்தவன். தஞ்சாவூருக்கு மேற்கே, வயல் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒன்பது குழி மைதானத்தில் பத்தொன்பது ஆண்டுகள் தலைமைப் பயிற்றுநராக இருந்தேன். துணைப் பயிற்றுநர் என்று எவரும் இருந்ததில்லை. எனினும் பலகையில் 'தலைமை' என்றுதான் எழுதியிருந்தது.

மணிக்கட்டு பற்றி ஐயம் கேட்க வெளியூர்ப் பயிற்றுநர்களே என்னிடம் வருவார்கள். மணிக்கட்டின் இயக்கமும் மட்டையின் முகமும் குறித்து நான் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை நீங்களும் படித்திருக்கக்கூடும். சில மைதானங்களில் அது இன்னமும் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி. மூன்றாவது பத்தியைத் தவிர அதில் உள்ளவை அனைத்தும் இன்றும் சரி.

மூன்றாவது பத்தி சொல்வது இது. வலக்கை ஆட்டக்காரர் மட்டையை உயர்த்தி நிறுத்தும் உச்சியில் அவருடைய இடது மணிக்கட்டைப் பாருங்கள். அது உள்ளங்கைப் பக்கமாக மடிந்திருந்தால் மட்டையின் முகம் மூடிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் போகும். புறங்கைப் பக்கமாக மடிந்திருந்தால் முகம் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் போகும். மடியாமல் தட்டையாக இருந்தால் பந்து நேராகப் போகும். ஆகவே எல்லோருடைய மணிக்கட்டையும் தட்டையாக்குக.

இதில் முதல் பகுதி இயற்பியல். 'ஆகவே' என்ற சொல் மட்டும் நான் சேர்த்தது.

கலைச்செல்வி எங்கள் மைதானத்தின் புல்வெளி மேற்பார்வையாளர். வயது முப்பத்தெட்டு, ஊர் பூதலூர்ப் பக்கம். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். பின்னாளில் அந்தக் குடும்பம் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா சாகுபடி செய்தது. அவர் அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவர். பதினோரு ஆண்டுகள் புல் வெட்டும் இயந்திரங்களையும் அவற்றை ஓட்டும் ஆண்களையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். இரண்டில் இயந்திரம்தான் தொல்லை குறைவு என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

திங்கட்கிழமைகளில் உறுப்பினர்கள் வருவதில்லை. அன்று காலை ஊழியர்கள் ஆடலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. அதைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். யாரோ விட்டுச் சென்ற மட்டைகளை வைத்துக்கொண்டு, யாரிடமும் கற்காமல், ஏழு ஆண்டுகள் தனியாக ஆடியிருக்கிறார். நான் அதைக் கவனித்தபோது எங்கள் மன்றத்தின் உறுப்பினர்களில் அவரை வெல்லக்கூடியவர்கள் மூன்று பேர். மன்றச் செயலாளர் அந்த மூவரில் இல்லை. இந்தத் தகவலை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த மார்ச் இறுதியில் நான் ஓய்வு பெறுவதாக இருந்தது. என் இடத்துக்கு யார் என்ற கேள்வி நிர்வாகக் குழுவில் எழுந்தபோது, கலைச்செல்வி பயிற்றுநர் தேர்வு எழுதட்டும் என்று நான் முன்மொழிந்தேன். குழு ஒப்புக்கொண்டு, கூடவே ஒரு முடிவையும் சேர்த்துக்கொண்டது. அவர் தேர்ச்சி பெற்றால் பதவி அவருக்கு. பெறாவிட்டால் பயிற்சி, புல் பராமரிப்பு இரண்டும் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படும், அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டு வருவார்கள். அதாவது, என் முன்மொழிவுக்கு முன்னால் கலைச்செல்விக்கு ஒரு வேலை இருந்தது. அதற்குப் பின்னால், தேறினால்தான் வேலை.

எழுத்துத் தேர்விலும் கற்பித்தல் தேர்விலும் அவர் எளிதில் தேறினார். எஞ்சியது ஆட்டத் தேர்வு. ஒரே நாளில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் பதினெட்டு குழி. மொத்த அடிகள் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. தேர்வுக்குச் சரியாக முப்பது நாள் இருந்தபோது நான் அவருடைய வீச்சைக் கைபேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்தேன். எடுத்து, மட்டை உச்சியில் இருக்கும் கணத்தில் நிறுத்தினேன்.

இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாக நன்றாக மடிந்திருந்தது. மட்டையின் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பத்தியின்படி அந்தப் பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியிருக்க வேண்டும்.

"பந்து எங்கே போயிற்று?" என்றேன்.

"நேராத்தான் சார். கொடிக்கிட்ட கெடக்கு."

"தற்செயல்."

"ஏழு வருஷமாவா சார்?"

நான் அடுத்த பந்தை வைக்கச் சொன்னேன். இது நான் பெருமைப்படும் இடம் அன்று. மலைத்தோட்டத்தில் எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தவர் ஒரு விசித்திரமான மனிதர். தம் பெயரை எங்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர், ஆகவே சொல்லவில்லை. அவர் ஆடுபவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து பறப்பதை மட்டும் பார்த்துவிட்டு, கை என்ன செய்தது என்று சொல்வார். முதலில் பந்து, பிறகு ஆள் என்பது அவருடைய முறை. நான் அன்று நிறுத்திய படத்தைப் பார்த்தேன். நிறுத்திய படத்தில் பந்து எங்கும் போவதில்லை.

அடுத்த மூன்று வாரங்கள் அவருடைய மணிக்கட்டைத் தட்டையாக்கினேன். காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம், புல் வேலை முடிந்தபின் மாலையில் ஒரு மணி நேரம். மரத்தாலான அடிக்கோல் ஒன்றை அவருடைய புறங்கையோடு சேர்த்துக் கட்டி, மடிந்தால் உறுத்தும்படி செய்தேன். அவர் சொன்னதைச் செய்பவர். ஒரு வாரத்தில் மணிக்கட்டு தட்டையாயிற்று. பந்து வலப்பக்கம் போயிற்று.

வலப்பக்கத்தில் எங்கள் மைதானத்தின் குட்டை இருக்கிறது.

வலப்பக்கம் போவதைச் சரிசெய்ய, பந்தை அடிக்கும் கணத்தில் முன்கைகளை உருட்டச் சொன்னேன். உருட்டினார். பந்து இடப்பக்க வேப்பமரத்துக்குப் போயிற்று. உருட்டுவதைக் குறைக்கச் சொன்னேன். குட்டை. கூட்டச் சொன்னேன். வேப்பமரம். இரண்டாவது வார இறுதியில் படம் மிக அழகாக இருந்தது. அந்தப் படத்தை என் குறிப்பில் சேர்க்கலாம் என்றுகூட எண்ணினேன். செயலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன்: 'கலைச்செல்வியின் மணிக்கட்டுக் குறை நீக்கப்பட்டது.' அதில் பந்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பொங்கல் முடிந்து பெய்யக்கூடாத மழை மூன்று நாள் பெய்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை கலைச்செல்வி பயிற்சிக்கு வரவில்லை. செயலாளர் வந்தார். அவர் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர். எந்தச் செய்தியையும் மதகைத் திறப்பதுபோல் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்.

"என்ன சார், உங்க ஆளு அறுப்புக்குப் போயிட்டாளாமே!"

"போயிட்டாங்களாமே" என்று திருத்தினேன்.

"சரி, போயிட்டாங்களாமே. ரெண்டு நாள் லீவாம். பரீட்சைய வச்சுக்கிட்டு யாராச்சும் அறுப்புக்குப் போவாங்களா? இதத்தான் நான் கமிட்டியில அப்பவே சொன்னேன்."

அவர் அப்போது அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் காரை எடுத்துக்கொண்டு பூதலூர் போனேன். அவரைத் தேர்வுக்கு அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தில் என் பெயர் இருந்தது. அவரை அன்று மாலைப் பயிற்சிக்குள் திரும்ப அழைத்து வந்துவிடுவது என்பது என் எண்ணம். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

வாய்க்கால் கரையில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். சம்பா முழுவதும் சாய்ந்து தண்ணீரில் படுத்திருந்தது. பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஒன்று பாதி சக்கரம் புதைந்து நின்றது. ஓட்டுநர் அதன் மேல் உட்கார்ந்து கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கலைச்செல்வி குடும்பத்தின் குத்தகை வயலில் ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முதலில் இருந்தவர் அவருடைய அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வரை சேறு.

"வாங்க சார்" என்றார், நிமிராமல். "செருப்பக் கழட்டாமலே வந்துட்டீங்க. பரவால்ல, வரப்பு உங்களத் தாங்கும்."

"கலைச்செல்வியைப் பார்க்க வந்தேன்."

"நல்லா பாருங்க. பாக்குறதுக்குக் கூலி கெடையாது, இப்பவே சொல்லிப்புட்டேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். கலைச்செல்வி நிமிர்ந்தார். ஒரு கையில் அரிவாள், மறு கையில் ஈரக் கதிர்.

"கலைச்செல்வி, தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது."

"தெரியும் சார். நெல்லு முளைக்கிறதுக்கு நாலு நாள் இருக்கு."

என் குடும்பத்துக்கும் குடவாசல் பக்கம் நிலம் இருந்தது. சாய்ந்த நெல் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதது அன்று. ஆனால் திரும்பிப் போனால் செயலாளரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆகவே வரப்பிலேயே நின்றேன். அவரும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண், கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவராம், அறுத்த கதிரைப் பின்னால் போடும்போது பாதி நெல்லைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தார். கலைச்செல்வியின் அம்மா முன்வரிசையிலிருந்தே, திரும்பிப் பாராமல் கத்தினார்.

"ஏய், கையத் திருப்பாதடி! உதிருது பாரு. புடிச்ச கை புடிச்சபடி இருக்கட்டும். இடுப்பத் திருப்பு!"

"பாக்காமலே எப்படி அத்தே தெரியுது?"

"நெல்லு தண்ணியில விழுற சத்தம் எனக்குக் கேக்காதா? ஒன் வீட்டு நெல்லா இருந்தா ஒனக்கும் கேக்கும்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிறகு கலைச்செல்வியைப் பார்த்தேன். இடக்கை சாய்ந்த தாளை அள்ளிப் பிடிக்கிறது. பிடித்ததும் அந்த மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாக மடிகிறது. மடியாவிட்டால் ஈரக்கதிரின் கனம் கையை நழுவச் செய்துவிடும். வலக்கை அறுக்கிறது. அதன்பின் மணிக்கட்டு அசையவே இல்லை. மடிந்தது மடிந்தபடி இருக்க, இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்பி, கதிர் ஒரே திசையைப் பார்க்கும்படி, அறுத்த பிடியான அரியை அடிக்கட்டைகளின் மேல் வைத்தன. ஒரு மணிகூட உதிரவில்லை. மறுபடியும் குனிந்தார்.

சிறு வயதில் நூறு அறுவடைகளாவது இதே போன்ற வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். எத்தனை கட்டு என்பதைத்தான் எங்கள் வீட்டார் பார்ப்பார்கள். எந்தக் கையையும் நான் பார்த்ததில்லை.

கைபேசியை எடுத்தேன்.

"சார் வீடியோ எடுக்குறாருடி. தலைய சீவிக்கங்க" என்றது வரிசையில் ஒரு குரல்.

"எங்க போடுவீங்க சார்? எம்மவன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் பாத்தா வேலைக்கிப் போவாதன்னு திட்டுவான்" என்றார் இன்னொருவர்.

"எங்கும் போடமாட்டேன்" என்றேன். இந்த முறை படத்தை நிறுத்தாமல் எடுத்தேன்.

இளம் சகாக்களே, தொழில்நுட்பம் இவ்வளவுதான். மடிந்த மணிக்கட்டு மட்டையின் முகத்தை மூடுகிறது என்பது உண்மை. ஆனால் கலைச்செல்வி முன்கைகளை உருட்டுவதே இல்லை. மடிந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உடலைத் திருப்புகிறார். உருட்டாத உடல் முகத்தைத் திறந்தபடி கொண்டுவரும், மடிந்த மணிக்கட்டு அதை மூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பந்து நேராகப் போகிறது. நான் இரண்டில் ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டேன். பிறகு அந்த ஓட்டையை அடைக்க, அவருடைய உடலுக்குப் பழக்கமில்லாத மூன்றாவது ஒன்றைச் செருகினேன். ஏழு ஆண்டுகளாக ஒழுகாத கூரையைப் பிரித்து, ஒழுகுகிறதே என்று பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவரை அழைத்து வரவில்லை. மறுநாள் மாலை அறுப்பு முடிந்து, அவராகவே மைதானத்துக்கு வந்தார். நான் இரண்டு காணொளிகளையும் காட்டினேன்.

"நான் செய்த திருத்தம் உங்கள் வீச்சுக்குப் பொருந்தவில்லை" என்றேன்.

"அப்ப தப்புங்குறீங்களா சார்?"

"பொருந்தவில்லை என்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

குட்டையைப் பார்த்தேன்.

"ஒன்றுதான்."

"சரி சார்" என்றார். அவர் மட்டையை எடுத்து, பழையபடி அடிக்கப் பார்த்தார். பந்து வேப்பமரத்துக்குப் போயிற்று. அடுத்தது குட்டைக்கு. இருபது பந்துகளில் நான்கு நேராகப் போயின, அந்த நான்கும் எப்படிப் போயின என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பழையது போய்விட்டது, புதியது வந்துசேரவில்லை. ஒரு பயிற்றுநர் ஒருவருக்குச் செய்யக்கூடிய கெடுதலில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்கம்மா கேக்குது சார், இந்தப் பரீட்சை போயிட்டா என்ன செய்வேன்னு. புல்லு வேலையும் போயிடுமேன்னு. நான் சார் பாத்துக்குவாருன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

செயலாளரிடம் போனேன். முதல் கடிதத்தைத் திரும்பப் பெற்று, இரண்டாவது கடிதம் கொடுத்தேன்: 'மணிக்கட்டில் குறை இருந்ததாக நான் கருதியது பிழை. திருத்தம் விலக்கப்படுகிறது.'

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அப்ப மொதல்ல எழுதினது?"

"அதுவும் என் கையெழுத்துதான்."

"சார், நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்தத் தடவ அந்தம்மாவ அனுப்பாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு எழுதிருவோம். தோத்துட்டா உங்க பேருதான் கெடும். ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு?"

அவர் சொன்னதில் என் பெயரைப் பற்றிய பகுதி முழுவதும் உண்மை. அனுப்பாவிட்டால் யாரும் தோற்கமாட்டார்கள், என் பெயருக்கும் ஒன்றும் ஆகாது. ஏப்ரல் முதல் தேதி வெளியூர் நிறுவனம் வந்துவிடும். அனுப்பி அவர் தோற்றாலும் அதே நிறுவனம்தான் வரும், என் பெயர் மட்டும் கூடுதலாகக் கெடும். இரண்டு பக்கமும் வைத்து எடைபோட்டுப் பார்த்தால், அனுப்பாமல் இருப்பதில் லாபம் அடைகிற ஒரே ஆள் நான்.

"அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்டேன்.

"போறேன் சார்" என்றார் கலைச்செல்வி. "நீங்க ஒண்ணு மட்டும் பண்ணணும். கையப் பத்தி இனிமே பேசக்கூடாது."

ஏழு நாள் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான பயிற்சி அதுதான். என் ஆசானைப் போல அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பந்து போவதைப் பார்த்து மூன்று சொற்களில் ஒன்றைச் சொன்னேன்: இடது, வலது, நேர். நான்காம் சொல் தொண்டை வரை வரும். வரும்போதெல்லாம் தண்ணீர் குடித்தேன். நிறையக் குடித்தேன்.

மூன்றாம் நாள் அவர் சொன்னார், "சார், நீங்க திரும்பி நிக்கிறது நிம்மதியா இருக்கு."

"ஏன்?"

"உங்க மூஞ்சியப் பாத்தா கையிதான் ஞாபகம் வருது."

ஐந்தாம் நாள் 'நேர்' என்ற சொல்லை அதிகம் சொன்னேன். ஏழாம் நாள் மற்ற இரண்டையும் சேர்த்து ஒன்பது முறைதான் சொல்ல நேர்ந்தது. போதாது. ஆனால் நாள் முடிந்துவிட்டது.

ஆட்டத் தேர்வு வெளியூர் மைதானம் ஒன்றில் நடந்தது. முதல் சுற்றில் கலைச்செல்வி நன்றாகவே ஆடினார். வரம்புக்குள் நான்கு அடிகள் மிச்சம் வைத்திருந்தார். இரண்டாவது சுற்றில் பதினைந்தாவது குழி வரை அந்த நான்கு அப்படியே இருந்தது. பதினைந்தில் வலப்பக்கம் முழுவதும் ஏரி. அவர் மட்டையை உயர்த்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு தட்டையாக, மிக அழகாக, என் குறிப்பில் உள்ள படத்தைப் போலவே இருந்தது. பந்து ஏரிக்குள் விழுந்த சத்தம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகவே கேட்டது.

அந்தக் குழியில் கூடுதலாக மூன்று அடிகள் போயின. மிச்சம் ஒன்று. இன்னும் ஆட வேண்டிய குழி மூன்று.

அவர் பார்வையாளர் கயிற்றுக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவே ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. பயிற்றுநரின் முகமும் ஆலோசனைதான் என்று விதிப்புத்தகத்தில் இல்லை, இருக்க வேண்டும். அங்கே நின்றால் என் முகம் என்ன சொல்லும் என்று எனக்கு உறுதியில்லை. ஆகவே நான் நடந்து போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு வேனின் மறுபக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த மூன்று குழிகளை நான் பார்க்கவில்லை. அந்த வேனின் எண்ணை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து அவர் மதிப்பெண் அட்டையோடு வந்தார். பதினாறில் அந்தக் குழிக்கு விதித்த அளவு அடிகள். பதினேழில் ஒன்று குறைவு. பதினெட்டில் அளவு.

"தேறிட்டேன் சார்" என்றார். பிறகு அந்த வேனின் படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் கேட்டேன்.

"பதினாறில் என்ன செய்தீர்கள்?"

"ஒண்ணும் செய்யல சார். பெரிய மட்டைய வச்சுட்டு, சின்னதா ஒண்ணு எடுத்தேன். தூரம் போகாட்டியும் பரவால்லன்னு."

"மணிக்கட்டு?"

"அது இருந்துச்சு சார்."

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை. நேராகப் போகும் பந்துக்குப் பின்னால் தவறான கையைக் கண்டால், கையைத் தவறு என்று சொல்லும் முன் உங்கள் புத்தகத்தைச் சந்தேகியுங்கள். ஒன்றை மாற்றினால் அதோடு எது பிணைந்திருக்கிறது என்று தேடுங்கள். தேர்வுக்கு முப்பது நாளுக்குள் எதையும் மாற்றாதீர்கள். தவறு செய்துவிட்டால், அதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள், வாய்ச்சொல்லை யாரும் கோப்பில் வைப்பதில்லை.

கலைச்செல்வி இப்போது எங்கள் மைதானத்தின் தலைமைப் பயிற்றுநர். மணிக்கட்டு மடிந்தவர்களுக்கும் மடியாதவர்களுக்கும் கற்பிக்கிறார், இருவருக்கும் வேறு வேறு விதமாக. பதவியேற்ற வாரத்தில் அவருடைய அம்மா மைதானத்தைப் பார்க்க வந்தார். ஏழாம் எண் மட்டையைக் கையில் கொடுத்தோம். மூன்று முறை வீசினார். மூன்று முறையும் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "இதுக்கா ஒனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று மகளைக் கேட்டுவிட்டு, மட்டையை என்னிடம் நீட்டினார். கதிர் அறுப்பவர்கள் அனைவரும் கோல்ஃப் ஆடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பயிற்றுநர் கூட்டங்களில் இப்போது ஒரு கதை உலவுகிறது. சென்ற மாதம் ஒருவர் அதை மேடையிலேயே சொன்னார், கைதட்டலும் பெற்றார். மணிக்கட்டைப் பழக்குவதற்காக நான் என் மாணவியை வயலுக்கு அனுப்பி நெல் அறுக்க வைத்தேனாம். அது என் தனிப்பட்ட பயிற்சி முறையாம். சிலர் தங்கள் மாணவர்களையும் அறுவடைக்கு அனுப்பப்போவதாகக் கேள்விப்படுகிறேன்.

நான் அவரை அனுப்பவில்லை. நெல் தண்ணீரில் கிடந்தது, அவர் அறுக்கப் போனார். நான் போனது அவரைத் தடுக்க.